அஞ்சலையிடம் முடி கேட்டு வந்தவர்கள்

தோளில் பையைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை மேல் பாகூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். பைக்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு தட்டு, சோப்பு டப்பா. எந்த வேலையை விட்டுக் கிளம்பினாலும் என் சாமான் இவ்வளவுதான். அதனால் கிளம்ப எனக்கு நேரமே பிடிக்காது. அதுவரை பார்த்த வேலைகளையெல்லாம் நானாகத்தான் விட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் என்னை வெளியே போகச் சொல்லியிருந்தார்.

மிருகக்காட்சி சாலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். பின்னாளில் நான் பெரிய இடங்களில் வேலை பார்த்தேன், புலிக்குக்கூட இரை வைத்தேன். அதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வேண்டியது அந்த ஏரிக்கரையில் நடந்துபோன நாளைப் பற்றித்தான். இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

நான் ஏழாவதோடு நின்றவன். செங்கல் சூளை, மண்ணாடிப்பட்டு பக்கம் கரும்பு வெட்டு, மூலக்குளத்தில் புதிதாக எழும்பிய வீடுகளுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கும் வேலை, பரோட்டாக் கடை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. எட்டு மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்ததில்லை. யார் மேலும் கோபம் கிடையாது. ஒருநாள் காலையில் எழுந்தால் கால் வேறு பக்கம் போகும், அவ்வளவுதான். அப்படித்தான் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் ஒரு மாந்தோப்புக்கு வந்து சேர்ந்தேன். தோப்புக்காரர் அங்கே சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் அதை ஜூ என்பார்கள். பத்துப் பன்னிரண்டு மான், மயில்கள், இரண்டு முள்ளம்பன்றி, ஒரு கரடி. கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்துகொண்டேன்.

அந்தக் கரடிதான் அஞ்சலை.

இன்றைக்கு அந்தத் தோப்பு இல்லை. தோப்புக்காரர் காலமான பிறகு மான்களையும் மயில்களையும் வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அஞ்சலை அதற்கு முன்பே வயதாகிச் செத்து, அங்கேயே புதைக்கப்பட்டாள். இப்போது அந்த நிலம் மனைகளாகிவிட்டது. எல்லா மனையிலும் வீடு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அதை யாரும் வாங்கவில்லை, விற்கிறவரும் வற்புறுத்தவில்லை. ஆடி மாதத்தில் யாரோ அங்கே ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டுப் போகிறார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் இன்னமும் "கரடி ஸ்டாப்பிங்லாம் எறங்கு" என்றுதான் சத்தம் போடுகிறார்கள். கரடியைப் பார்த்தே இராத பிள்ளைகள் அங்கே இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவள் பார்க்க அழகாக இருக்கமாட்டாள். சின்ன வயதில் ஒரு கரடி வித்தைக்காரனிடம் இருந்தவள். மூக்குக்கு மேலே கயிறு கோத்த ஓட்டை மூடாமலே தழும்பாகியிருந்தது. முன்பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். ஒரு கண் வெள்ளை. கேழ்வரகுக் களியை வெல்லத் தண்ணீரில் கரைத்துத் தகர வட்டிலில் வைத்தால் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவாள். அந்தச் சத்தம் தோப்பு வாசல் வரை கேட்கும். இவ்வளவு பட்டவள் மனிதர்களைக் கண்டால் சீற வேண்டும். அவள் சீறி நான் பார்த்ததில்லை. யாராவது அழுகிற சத்தம் கேட்டால் மட்டும், எங்கே படுத்திருந்தாலும் எழுந்து கம்பியருகே வந்து உட்கார்ந்து புஸ்புஸ்ஸென்று ஊதுவாள். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. வித்தைக்காரனோடு தெருத்தெருவாகப் போன காலத்தில், அழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில்தான் அவளுக்குச் சோறு கிடைத்திருக்கும். காரணம் எதுவாக இருந்தாலும் அவள் வந்தாள். அதுதான் ஊருக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் குழந்தை தூக்கத்தில் தூக்கிப்போட்டாலோ, காய்ச்சலில் உளறினாலோ 'பயந்துகிச்சு' என்பார்கள். அதற்குக் கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள். கரடி முதுகில் ஒருமுறை உட்காரவைத்தால் இன்னும் நல்லது. வித்தைக்காரர்கள் தெருவில் வந்த காலத்தில் அது சுலபம். அவர்கள் வருவது நின்றபின் அந்த வட்டாரத்துக்கு மிச்சமிருந்த ஒரே கரடி அஞ்சலை. அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்று, "அண்ணா, ரெண்டு முடி குடேன்" என்பார்கள்.

முடி கொடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் கொடுத்தேன். முதலில் தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கிக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. அதுவரை என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; ஏய், டேய், இங்க வாப்பா என்பதுதான். இப்போது டீக்கடையில் "கரடிக்காரரே" என்று பெஞ்சில் இடம் விட்டார்கள். ஒரு காதுகுத்துக்கு அழைத்து முதல் பந்தியில் இலை போட்டார்கள். நாற்பதை நெருங்கிய ஆளுக்கு முதல்முறை கிடைக்கும் மரியாதை என்ன செய்யும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. பின்னால் தெரியவரும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

உதிர்ந்த முடி தீர்ந்தது. கேட்பவர்கள் குறையவில்லை. ஒருநாள், களி குடிக்கும்போது கம்பியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அஞ்சலையின் தோளில் கத்தரிக்கோலை வைத்தேன். அவள் அசையவில்லை. மறுநாளும் வெட்டினேன். மூன்றாம்முறை கத்தரிக்கோல் முனை தோலில் பட்டுவிட்டது. அப்போதும் அவள் உறுமவில்லை. களியை விட்டு எழுந்து அந்தக் கோடிக்குப் போய்ப் படுத்தாள். அதற்குப் பிறகு நான் வைத்த வட்டிலைத் தொடவில்லை. முடி கேட்டு வந்த ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், பக்கத்துக் கொட்டகையில் கட்டியிருந்த கறுப்பாட்டின் முடியைக் கொஞ்சம் நறுக்கித் தாளில் மடித்துக் கொடுத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அஞ்சலையைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண். வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் ஊர் ஒன்றைச் சேர்ந்தவள், முன்பு மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். ஆனாலும் தோப்புக்காரர் முதற்கொண்டு எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூன்று நாளாக அஞ்சலை ஏன் சாப்பிடவில்லை என்று அவள் தேடிப் பார்த்தாள். தோளில் மொட்டையான இடமும் புண்ணும் தெரிந்தன. என்னைக் கூப்பிட்டாள். திட்டவில்லை.

"கத்தரிக்கோல் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன்.

"பையை எடுத்துக்க. கெளம்பு. திரும்பி வராத."

அதனால்தான் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

கரை இறங்கிச் சாலையில் சேரும் இடத்தில் ஒரு பஸ் நிழற்குடை. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஆட்டு முடி வாங்கிப் போன அதே பெண். செல்வி என்று பெயர். அவள் தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை கிடந்தது.

"ண்ணா, உன்னத்தான் பாக்க வந்துகினு இருக்கேன். பஸ்ஸு எறங்குனதும் தலைய சுத்துச்சு, அதான் உக்காந்துட்டேன். நீ குடுத்த முடி புடிக்கவே இல்லண்ணா. மூணு நாளா ஜுரம். தூக்கித் தூக்கிப் போடுது. இப்ப அதுவும் இல்ல, சும்மா கெடக்குது."

குழந்தையைப் பார்த்தேன். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு வெள்ளிக் குப்பி. கண் பாதி திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. தலை பின்பக்கமாக வளைந்திருந்தது. சூளையில் இருந்தபோது பக்கத்துக் குடிசையில் ஒரு பிள்ளை இதே மாதிரி கிடந்தது. மறுநாள் காலை நானும்தான் குழி வெட்டினேன்.

"இது பயம் இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"ஆஸ்பத்திரி வேணாம்."

"ஏம்மா?"

"மொத புள்ளைய அப்பிடித்தான் தூக்கினு போனேன். வாசல் வரைக்கும் எங்கிட்ட பேசினு வந்தான். உள்ள போனான், துணி சுத்திக் குடுத்தாங்க. நான் போவ மாட்டேன்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். பாகூர்ப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. கை காட்டி நிறுத்தினேன். "நீ வேணா போ" என்றாள். ஆட்டோக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால், பையும் தாடியுமாக இருந்த என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடுத்த ஊரிலேயே கட்டிவைத்திருப்பார்கள். கையில் போன் கிடையாது. அவளிடமும் இல்லை; புருஷன் எடுத்துக்கொண்டு கடலூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். உண்மையைச் சொன்னால் அந்தத் தாயத்தின் மேலிருக்கும் நம்பிக்கை போய்விடும், பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அப்போதைக்கு அது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

"செல்வி, அது அஞ்சலை முடி இல்ல. ஆட்டு முடி. நான் ஏமாத்திட்டேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அதானே பாத்தேன். அதான் புடிக்கல." பிள்ளையைத் தூக்கி மறு தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள். "எனக்கு முடி கூட வேணாண்ணா. அது முதுகுல ஒரு வாட்டி உக்கார வெச்சிடு. நல்லாயிடும்."

பொய் அவளைத் தாமதப்படுத்தியது மூன்று நாள். நான் சொன்ன உண்மை அவளை ஆஸ்பத்திரிக்கு எதிர்த் திசையில் நடக்க வைத்தது. உண்மை பேசினால் நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கேட்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரியாமல் சொன்னால் அது அவரை எங்கே தள்ளும் என்று உங்களுக்குத் தெரியாது.

வேறு வழியில்லை. பையிலிருந்து லுங்கியை எடுத்து, பிள்ளை மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு அவள் கூடவே நடந்தேன். தோப்பில் அக்கா இருப்பாள், அவளிடம் போன் இருக்கும். என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

தோப்பு வாசலில் பழம் கொண்டுவரும் லோடு ஆட்டோ நின்றிருந்தது. அதை ஓட்டுகிற சேகர் தர்பூசணி இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "இன்னாபா, காலையில தொரத்துனா டீ குடிச்சிட்டு வந்துட்ட. இது இன்னா மாமியார் வூடா?" என்றான். பின்னால் வந்த செல்வியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டான்.

அக்கா தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். "உன்ன வராதன்னு சொன்னேனா இல்லியா?"

நான் நாலு வார்த்தையில் சொன்னேன். ஆட்டு முடி கொடுத்ததையும், அதைச் சொல்லிவிட்டதையும், முதல் பிள்ளை செத்ததையும், கரடி முதுகு கேட்பதையும். எதையும் மறைக்கவில்லை, மறைக்க நேரமும் இல்லை. கேட்டு முடித்தபின் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செல்வியிடம் போனாள்.

"குடும்மா, ஒரு நிமிஷம் நான் வெச்சிக்கிறேன். ரொம்ப தூரம் தூக்கினு வந்துட்ட."

வழி முழுக்க என்னிடம் கொடுக்காத பிள்ளையை அவளிடம் கொடுத்தாள். அக்கா பிள்ளையின் பின்தலைக்குக் கீழே கையை வைத்து மெல்லத் தூக்கிப் பார்த்தாள். தலை மட்டும் வரவில்லை. பலகை போல உடம்பு முழுவதும் சேர்ந்து எழும்பியது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் முகம் மாறவில்லை.

"சேகர், இருக்கறத அப்பிடியே எறக்கிப் போடு. வண்டிய திருப்பி ஸ்டார்ட்டுல வெய்."

"எங்கக்கா?"

"திருப்பி வெய்னேன்."

பிறகு செல்வியிடம், "அஞ்சலையப் பாக்கத்தான வந்த? வா. ஆனா நான் நில்லுன்னா நிக்கணும், வான்னா வரணும்" என்றாள்.

இவளும் கரடியிடம் கூட்டிப் போகிறாளே என்று நினைத்தேன். தடுக்க வாயைத் திறந்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

கரடி அடைப்பின் முன்னால் அக்கா தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள், கம்பியிலிருந்து மூன்று முழ தூரத்தில். யாரும் அதைத் தாண்டக்கூடாது. தகர வட்டிலைத் தட்டினாள். அஞ்சலை தூரத்தில் நிழலில் கிடந்தாள். தலையைத் தூக்கினாள், எழுந்தாள், நாலு அடி வந்தாள், நின்றுவிட்டாள். மூக்கைத் தூக்கி மோந்தாள். திரும்பிப் போக ஆரம்பித்தாள்.

அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "உன் வாசனை அவளுக்கு ஆவல. காத்து இங்கேர்ந்து அங்க அடிக்குது. மான் கொட்டகைக்கு அந்தாண்ட போய் நில்லு. போ."

போனேன். வாழ்க்கையில் எத்தனையோ இடங்களைவிட்டு நடந்திருக்கிறேன், அந்த ஐம்பது அடி தூரம் நடந்ததுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பிள்ளையின் உயிர் அங்கே இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் செய்யக்கூடிய ஒரே உதவி அங்கே இல்லாமல் இருப்பது. உங்களில் யாராவது ஒருநாள் மிருகத்துக்குத் துரோகம் செய்தால், தண்டனை மேலாளரிடமிருந்து வரும் என்று நினைக்காதீர்கள். அவசரத்தில் அதன் உதவி தேவைப்படும்போது வரும்.

அஞ்சலை முதுகைக் காட்டியதும் செல்வி உடைந்துபோனாள். "அதுவும் வேணாங்குது" என்று சொல்லி அழுதாள். மூன்று நாளாக அடக்கியது போலிருக்கிறது. தோப்பில் இருந்த மயில்கள் வாயை மூடிக்கொண்டன.

அஞ்சலை திரும்பினாள். ஆடி ஆடி நடந்து வந்து, எப்போதும் உட்காருமிடத்தில் கம்பியை ஒட்டி உட்கார்ந்தாள். அக்கா பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக் கோட்டருகே போனாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரல் கோட்டைத் தொட்டது, தாண்டவில்லை. அவ்வளவு அவசரத்திலும், அழுகிற தாய் ஒருபக்கம் கெஞ்சும்போதும், அஞ்சலை ஒன்றும் செய்யமாட்டாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தபோதும், தாண்டவில்லை. இன்றுவரை நான் அந்தக் காலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அஞ்சலை மூக்கைக் கம்பிக்கிடையில் நீட்டினாள். கயிற்று ஓட்டைத் தழும்பு சுருங்கி விரிந்தது. ஒருமுறை ஆழமாக இழுத்தாள். பிறகு ஊதினாள். பிள்ளையின் நெற்றி மயிர் பறந்ததை ஐம்பது அடிக்கு அப்பாலிருந்து பார்த்தேன். இன்னொரு முறை ஊதினாள்.

அக்கா செல்வியிடம் திரும்பினாள். "பாத்தியா?"

"பாத்தேன்."

"ஊதிட்டா. அவ மூச்சு பட்டுடுச்சு. முடி, முதுகு எல்லாத்துக்கும் மேல அது. பயம் போயிடுச்சு. இப்ப மிச்சம் இருக்கறது ஜுரம். ஜுரத்துக்கு அஞ்சலைகிட்ட மருந்து கெடையாது, ஊசிதான். வண்டி நிக்குது. ஏறு."

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு எங்களுக்கு முன்னால் வண்டியை நோக்கி அவளே ஓடினாள்.

எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் நிழற்குடையில் வாதாடிக் கழித்தது அதைவிட அதிகம்.

"நீயும் போ" என்றாள் அக்கா என்னிடம். "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, பயப்படுவா. எப்ப ஜுரம் வந்துச்சு, எப்ப தூக்கிப் போட்டுச்சு, எல்லாத்தையும் நீ கேட்டு நீ சொல்லு. ஆட்டு முடியையும் சொல்லு. வெக்கப்பட்டு வுட்டுடாத."

பின்னால் தர்பூசணிக்கு விரித்த வைக்கோலில் உட்கார்ந்தேன். முன்னால் செல்வியும் பிள்ளையும். சேகர் அதுவரை வாயாடியாகத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி வரை ஒரு வார்த்தை பேசாமல், ஒரு பள்ளத்திலும் விழாமல் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆட்டு முடி வரை. அவர் சிரிக்கவில்லை. "மூணு நாளா? சரியாச் சொல்லுங்க, மூணா, நாலா?" என்று மட்டும் இரண்டுமுறை கேட்டார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், கையில் மருந்து ஏற்றினார்கள். தாயத்தைக் கழற்றி செல்வி கையில் கொடுத்தார் நர்ஸ். செல்வி அதை வாங்கி என் கையில் கொடுத்தாள். சாயங்காலம் அவள் புருஷன் கடலூரிலிருந்து வந்து சேர்ந்தான். பொழுது விடியும் நேரத்தில் வார்டுக்குள் ஒரு பிள்ளை அழுதது. செல்வி எழுந்து நின்றாள். "என்துதான்" என்றாள். அந்த அழுகை நிற்காமல் நீண்டது. வெளியே வந்த நர்ஸ், "தண்ணி கேக்குது, ஸ்பூன் வெச்சிருக்கீங்களா?" என்றார்.

முதல் பஸ் பிடித்தேன். ஊர் ஊராகப் போகிறவன் நான், பாகூரில் இறங்கி அப்படியே தெற்கே போயிருக்கலாம். போகவில்லை. தோப்பில் இறங்கினேன்.

அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா?"

"அழுவுது."

"அழுவட்டும்." துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள். அடிப்பிடித்ததைச் சுரண்டி எடுத்தபடி, "காது?" என்றாள். அந்தக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்குக் காதை எடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தெரியல. போகப்போகத்தான் தெரியும்னாங்க."

தலையாட்டினாள். எனக்குள் ஒரு கேள்வி இரவு முழுவதும் இருந்தது. கேட்டுவிட்டேன். "அக்கா, நான் சொன்னதும் பொய்தான். நீ சொன்னதும் பொய்தான?"

"நான் இன்னா பொய் சொன்னேன்?"

"கரடி ஊதினா பயம் போயிடும்னு."

"போச்சா இல்லியா?"

"பாப்பாவுக்குப் பயமே இல்லியேக்கா. ஜுரம்தான இருந்துச்சு."

"பாப்பாவுக்குன்னு நான் சொன்னேனா?" என்றாள்.

களியைக் கரைத்து வட்டிலில் ஊற்றினாள். நான் வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "அவ இன்னும் உன்ன மன்னிக்கல. வேணும்னா பாரு." அஞ்சலை அடைப்பில் உட்கார்ந்திருந்தாள், நான் எட்டிப் பார்த்ததும் புண்ணான தோள் எனக்குத் தெரியாதபடி உடம்பைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தோளில் மறுபடி முடி வளர ஐந்தாறு மாதம் ஆனது. என் கையிலிருந்து வட்டில் வாங்க அதற்கும் மேலே ஆனது. வாங்கிய நாளில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அன்று காலை அக்காவுக்கு வேறு கவலை. வாசலைக் கை காட்டினாள். கேட் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் மூன்று குடும்பங்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தன. அஞ்சலை ஊதி ஒரு பிள்ளை பிழைத்ததென்று சேகர் போகிற வழியெல்லாம் சொல்லிவிட்டிருந்தான்.

"இது நான் பண்ணது" என்றாள் அக்கா. "நேத்து வேற வழி தெரியல. இன்னிக்கு இதுங்கள அப்பிடியே திருப்பி அனுப்புனா வேற எங்கயாவது போவும். உள்ள வுட்டா, ஊதுனதோட வூட்டுக்குப் போயிடும்." வட்டிலைக் கீழே வைத்தாள். "நீ அஞ்சலகிட்ட போவாத. கேட்டுல நில்லு. ஒவ்வொரு புள்ளையையும் தொட்டுப் பாரு. எதப் பாத்துப் பயந்துச்சுன்னு கேளு. பதில் சரியா வந்தாத்தான் உள்ள அனுப்பணும். இல்லன்னா பஸ்ஸு."

"நான் டாக்டர் இல்லியேக்கா."

"ஒரு புள்ள எப்பிடிக் கெடந்தா செத்துப்போவும்னு உனக்குத் தெரியும். இங்க வேற யாருக்கும் தெரியாது."

அதுதான் அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை. அதற்குப் பிறகு எட்டு மாதம் தாண்டியும் நான் அங்கிருந்து கிளம்பவில்லை.

கேட்டுக்குப் போனேன். முதலில் நின்றது ஒரு தகப்பன். ஐந்து வயதுப் பையனைக் கையில் பிடித்திருந்தார். பையன் ஸ்கூல் பேன்ட் போட்டிருந்தான். நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. கழுத்து வளைந்தது. கண் என்னைப் பார்த்தது.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

"நைட்ல எழுந்து கத்துறாம்பா. பயந்துகினான். அஞ்சல ஊதினா போதும், முடியெல்லாம் கேக்கல."

"எதப் பாத்துப் பயந்தான்?"

"நாய் தொரத்துச்சு. முந்தாநாள், ஸ்கூலாண்ட."

"தொரத்துச்சா, கடிச்சுதா?"

"கடிக்கலாம் இல்லபா. தொரத்துச்சு, வுழுந்துட்டான், அவ்ளோதான்."

பையன் தகப்பனைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். நான் மண்டியிட்டு அவன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினேன். கெண்டைக்காலில் இரண்டு புள்ளி, மேலே ஒன்று, கீழே ஒன்று, காய்ந்து கறுத்திருந்தன. தகப்பன் குனிந்து பார்த்தார். அவர் கையிலிருந்து பையனின் கை நழுவியது.

"அஞ்சல இங்கதான் இருப்பா" என்று அவரிடம் சொன்னேன். "பாகூர் பஸ்ஸு இன்னும் பத்து நிமிஷத்துல வரும். நாய்க்கடி ஊசி போட்டுட்டு வாங்க, நானே உள்ள கூட்டினு போறேன்."

பையனின் காலைத் தொட்டித் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டேன். சோப்பு என் பையில் இருந்தது. அவர்களோடு சாலை வரை நடந்து, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, இருவரும் ஏறியதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன்.